விளக்கு வைத்த நேரத்தில் போட்ட கையெழுத்து

உனக்கு எதற்கு இந்த வம்பு? கல்யாணக் கதை, காதுகுத்துக் கதை, அடுத்த வரிசை வீட்டுச் சண்டை என்று கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு கிழவனும் கிழவியும் மாத்திரை வாங்கப் போன கதையைக் கேட்கிறாய். உன் மாமியாருக்கு இன்சூரன்ஸ் மெடிக்கல் கார்டு எடுக்கப் போகிறாயாம். அது மாத்திரைக்கு உதவுமா உதவாதா என்று தெரிய வேண்டுமாம். விண்ணப்பப் பாரத்தைப் படித்துப் பார்க்க வேண்டியதுதானே? நீ பெரிய பள்ளிக்கூடம் முடித்தவள். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு ரப்பர் பால்மரம் வெட்டப் போனவள். படித்தவள் படிக்காதவளிடம் வந்து பாரத்தைப் பற்றிக் கேட்டால் அந்தப் பாரம் உருப்பட்ட மாதிரிதான்.

சரி, வந்து உட்கார்ந்துவிட்டாய். சொல்கிறேன். ஆனால் தெருவில் இதை நான் வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன். அது என்ன என்று கடைசியில் சொல்வேன். அதற்கு முன்னால் வாயைத் திறந்தாயோ, உன் கல்யாணத்துக்கு முந்தின கதையை நான் திறப்பேன்.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் செம்பனை லோரி ஓட்டியவர். வேலை முடிந்து நாங்கள் குளுவாங்குக்கு, இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தபோதே அவருக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. ரத்தக் கொதிப்பு அதற்கும் மூத்தது, அது எனக்கும் உண்டு. இரண்டுக்கும் அரசாங்கக் கிளினிக்கில்தான் மருந்து. வயதானவர்களுக்கு அங்கே காசு கேட்பதில்லை. காலையில் போய் நம்பர் எடுத்து உட்கார்ந்தால், மத்தியானத்துக்குள் ஒரு பை மாத்திரையோடும் நாலு பேர் வீட்டுக் கதையோடும் திரும்பலாம். போகிற ஒவ்வொரு முறையும் அவருடைய சின்னப் புத்தகத்தில் ஒரு முத்திரை. அவர் லோரி உரிமத்தைக்கூட அவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததில்லை.

எங்கள் மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை. எல்லை ஊரான ஜொகூர் பாருவில் அறை எடுத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வருவாள். அவள்தான் எங்கள் இரண்டு பேருக்கும் மெடிக்கல் கார்டு எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இன்சூரன்ஸ் ஏஜெண்டு அவள் வரும் நாளில்தானே வர முடியும்? ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். சட்டையை உள்ளே விட்டு, கையில் பாரக் கட்டோடு, சரியாக நான் சாமி மேடையில் விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்கிற நேரத்தில் வந்து உட்கார்ந்தார்.

எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். விளக்கு வைத்த நேரத்தில் நோய் நொடி பேச்சு கூடாது. "தீர்ந்து போச்சு" என்றும் சொல்லக் கூடாது. அரிசி டின்னில் கரண்டி அடித்தட்டில் உரசினாலும் "அரிசி நிறைஞ்சிருக்கு, நாளைக்கு வாங்கணும்" என்றுதான் என் அம்மா சொல்வாள். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். வாயிலிருந்து என்ன விழுகிறதோ அது வீட்டில் தங்கிவிடும் என்று பயம்.

மகள் அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டே போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். ஏஜெண்டு பேனாவைத் திறந்தார்.

"ஆன்ட்டி, பாரத்துக்காகத்தான் கேக்குறேன். அங்கிளுக்கு இனிப்பு நீர் ஏதும் இருக்கா?"

என் கையில் இன்னும் தீப்பெட்டி இருந்தது.

"தம்பி, விளக்கு வச்ச நேரம். நல்லா இருக்கோம்னு எழுதுங்க."

"பிரஷர்?"

"நல்லா இருக்கோம்."

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்து, "அது வந்து தம்பி..." என்று இழுத்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அந்தப் பார்வையை அவர் மீறி நடந்ததில்லை. வாயை மூடிக்கொண்டார்.

"நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது, கிட்னி கோளாறு, இந்த மாதிரி..."

"தம்பி, நீங்க இன்சூரன்ஸ் ஏஜெண்டா, இல்ல எமன் ஆபீசுல கணக்கெழுதுற கிராணியா?"

ஏஜெண்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டே போனார். நான் 'இல்லை' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, இதை நீ கவனிக்க வேண்டும். ஆனால் அவர் போட்ட கோடெல்லாம் 'இல்லை' கட்டத்தில் விழுந்தன. ஏஜெண்டு காட்டின இடத்தில் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். மகள் தேநீரைக் கொண்டுவந்து வைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கார்டு வந்தது. அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து ஒரு நாள் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். பிறகு அக்கம்பக்கத்தில் காட்டினேன். காட்டாமல் எப்படி? அந்தச் சின்ன அட்டையைப் பார்த்தால் இனிமேல் நமக்குச் சாவே இல்லை என்பது போல ஒரு தெம்பு வரும்.

அடுத்த வருடம் என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கியது. கோயில் படி ஏறினால் பாதியில் நின்று, ஏதோ கோபுரத்தைப் பார்ப்பது போல மேலே பார்ப்பார். பக்தி கூடிவிட்டது என்று நினைத்தேன். மனுஷனுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது.

கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது. பொறுமையாக மலாயில் சொன்னாள். இருதயம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, கிட்னிக்கும் இருதயத்துக்கும் சேர்த்து ஒரு புது மாத்திரை தினமும் சாப்பிட வேண்டும். ஆனால் அந்த மாத்திரையைக் கிளினிக்கில் அவளாகத் தொடங்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்டு எழுதினால்தான் அரசாங்கத்தில் கிடைக்கும். தேதி போட்டால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

"அது வரைக்கும் வெளியே வாங்கிக்க முடியுமா, மக்சிக்?" என்று அத்தை முறை வைத்துக் கேட்டாள்.

நான் கைப்பையைத் திறந்து கார்டை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"முடியும் டாக்டர். எங்ககிட்ட கார்டு இருக்கு."

அவள் தலையாட்டி, கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். என்ன தட்டினாள் என்று பிறகுதான் தெரிந்தது.

அங்கிருந்து நேரே மருந்துக் கடை. சீனப் பையன் ஒருவன் நின்றான். சீட்டோடு கார்டையும் நீட்டினேன். அவன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தான்.

"ஆன்ட்டி, இது ஆஸ்பத்திரியில படுத்தா காட்டுற கார்டு. இங்க இத வச்சு நான் என்ன பண்றது?"

"மருந்துக்குத்தானேப்பா ஆஸ்பத்திரிக்குப் போறோம்? அந்த மருந்தை நேரா இங்கயே குடுத்துடேன். கம்பெனிக்கு ஒரு கட்டில் வாடகை மிச்சம்."

"நல்ல யோசனை ஆன்ட்டி. கம்பெனிக்கு எழுதிப் போடுங்க."

விலையைச் சொன்னான். நான் அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கும் ஆள் அவர், உட்கார்ந்தது நான். கையில் இருந்ததற்குப் பதினாலு மாத்திரைதான் வாங்க முடிந்தது. மகளிடம் சொல்லலாம். ஆனால் அவள் மாதம் தவறாமல் கார்டுக்குக் கட்டுகிறாள். கார்டும் இருக்கிறது, மாத்திரைக்கும் காசு கொடு என்றால் அவள் மனம் என்ன பாடுபடும்? பதினாலு நாளைக்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தேன். வழி பிறக்கவில்லை. ஆனால் பதினாலு நாள் தாண்டியும் மாத்திரை தீரவில்லை. எனக்கு அது உறைக்கவும் இல்லை.

மூன்றாவது வாரம், மகள் திரும்பிப் போன ஞாயிற்றுக்கிழமை, என் பாக்கு கசந்தது. அதுவரை அப்படிக் கசந்ததில்லை. பாக்குவெட்டியை வெளிச்சத்தில் பார்த்தால் அதன் வாயில் வெள்ளை வெள்ளையாக மாவு.

"ஏங்க, என் பாக்குவெட்டிய எதுக்குத் தொட்டீங்க?"

அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ண ரெண்டா வெட்டுனேன்."

"மாத்திரை என்ன கோழிக்கறியா, ஆளுக்குப் பாதி வைக்கிறதுக்கு?"

"தேதி வரைக்கும் வரணும்ல."

"வராதுங்க. பாதி பாதியா தின்னாலும் வராது."

"தெரியும். வர்ற வரைக்கும் வரட்டும்."

மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். நாலரை மாத்திரை மிச்சம். தேதிக்கு இன்னும் ஐந்து வாரம். அன்றைக்கும் அவருக்குக் கால் வீங்கித்தான் இருந்தது. செருப்பு வார் போட்ட இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாத்திரை தீர்ந்து போகிற நாளில் இந்த மனுஷனுக்கு என்ன ஆகும் என்பது ஒன்றுதான் மனதில் நின்றது.

அப்போதுதான் எனக்கு அந்தத் திட்டம் தோன்றியது. படுத்தால்தானே கார்டு? படுக்க வைத்துவிட்டால்?

"ரெண்டே ரெண்டு நாளு தனியார் ஆஸ்பத்திரியில படுத்துட்டு வாங்க. வரும்போது மூணு மாச மருந்த பையில போட்டுக் குடுத்துடுவாங்க. கார்டு கட்டிக்கும்."

"எனக்கு வலி ஒண்ணும் இல்லையே."

"மூச்சு வாங்குதுல்ல? அதையே கொஞ்சம் சத்தமா வாங்குங்க."

மறுநாள் திங்கட்கிழமை. கைலி, துண்டு, பல்துலக்கி, அவர் தலையணை இல்லாமல் தூங்கமாட்டார் என்று தலையணையும் எடுத்துப் பெட்டி கட்டினேன். எதிர்வீட்டுக்காரி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா, பெட்டியோட?"

"சும்மா ஒரு செக்கப்."

"செக்கப்புக்குத் தலையணை எதுக்குக்கா?"

"அதையும் செக் பண்ணத்தான்."

ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் அவர் மூச்சு வாங்கிக் காட்டியிருக்க வேண்டும். வழியெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆனால் அங்கே கதவு தானாகத் திறந்ததைப் பார்த்து, "எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு பாரு" என்று தோட்டத்து மேனேஜர் மாதிரி நடந்து உள்ளே போனார். கவுண்டரில் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். கார்டை வாங்கிக்கொண்டு, சிரித்த முகமாகக் கேட்டாள்.

"தாத்தாவுக்கு இனிப்பு நீர் இருக்கா?"

அது காலை நேரம். விளக்கு இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திவிட்டார்.

"இருக்கும்மா. பத்து வருஷத்துக்கு மேல. பிரஷர் அதுக்கும் முன்னாடி." அதோடு நிற்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "எல்லா முத்திரையும் இருக்கு. பாத்துக்க."

அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். "ஏன் கிள்ளுற?" என்று சத்தமாகவே கேட்டார்.

உள்ளே டாக்டர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பிள்ளை கம்பெனிக்குப் போன் போட்டாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் கோபமும் இல்லை.

"பாட்டி, தாத்தாவுக்கு எந்த நோயும் இல்லன்னு பாரத்துல போட்டிருக்காம். பத்து வருஷமா மருந்து சாப்பிடுறவருக்கு எப்படி இல்லன்னு எழுதினீங்கன்னு கேக்குறாங்க."

"நான் எழுதல ஆயி. ஏஜெண்டுதான் எழுதினாரு. நான் நல்லா இருக்கோம்னுதான் சொன்னேன். விளக்கு வச்ச நேரம்..."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வீட்டிலும் விளக்கு வைப்பார்கள் போல. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்து யாரோடது பாட்டி?"

"எங்களோடதுதான்."

"அப்போ எழுதினது நீங்கதான்."

நான் சளைக்கவில்லை. சரி, அது போகட்டும், இன்றைக்குப் படுத்தால் மாத்திரை கிடைக்குமா என்று கேட்டேன். அவள் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். இது நான் உனக்காகச் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். எங்கள் கார்டு வார்டில் படுத்தால்தான். கட்டில், டாக்டர், ஆபரேஷன், அங்கே கொடுக்கிற மருந்து, வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச நாளைக்கு அந்த நோய்க்கான மருந்து, அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் தினமும் விழுங்குகிற மாத்திரைக்கு அது கிடையாது. எல்லாக் கார்டும் ஒரே மாதிரி இல்லையாம், கார்டோடு வரும் தடித்த புத்தகத்தில் எழுதியிருக்குமாம். அந்தத் தடித்த புத்தகத்தை நான் அரிசி டின் ஆடாமல் இருக்க அடியில் வைத்திருந்தேன்.

"அப்போ நாளைக்கு அவருக்கு நிஜமாவே நெஞ்சு வலி வந்தா?" என்று கேட்டேன்.

"அப்பவும் இதே கேள்விதான் கேப்பாங்க பாட்டி. ஆனா அப்போ தாத்தா படுத்திருப்பாரு. கார்டுக்குக் கட்டுற உங்க மக பணத்துக்கு ஓடிக்கிட்டிருப்பாங்க."

அந்தப் பிள்ளை குரலை உயர்த்தவே இல்லை. அப்படியும் அந்த வார்த்தை எனக்குக் காதில் அறைந்தது.

உள்ளே டாக்டர் என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். இப்போது படுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, மாத்திரைதான் அவசியம் என்றார். மாத்திரையை யார் வெட்டச் சொன்னது என்றும் கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைக் கைகாட்டினார்.

"பாக்குவெட்டி இவளோடதுதான், டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: பாதி மாத்திரை சாப்பிட்டால் பாதி இருதயம்தான் வேலை செய்யும். மிச்சம் இருக்கிறதை முழுசாகக் கொடுங்கள். இன்றைக்கே கிளினிக்குக்குப் போய், மாத்திரை தீரப் போகிறது, வெளியே வாங்க வசதி இல்லை என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

பெட்டியையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அவர் சீனி போடாத கோப்பி சொன்னார். ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"நீ அன்னைக்கு 'இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"விளக்கு முன்னாடியா?"

"அந்த விளக்க நீ நாப்பத்தஞ்சு வருஷமா ஏத்துற. நம்ம வீட்டுல என்ன நோவு இருக்குன்னு அதுக்குத் தெரியாதா?"

லோரி ஓட்டின மனுஷன். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுவார். அதில் ஒன்று இப்படி வந்து விழும். நான் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அங்கே உட்கார்ந்துதான் யோசித்தேன். ஏஜெண்டு நோய் இருக்கிறதா என்று கேட்டார். இருந்ததை மறைத்தேன். கிளினிக் டாக்டர் வாங்க வசதி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லாததை இருக்கிறது என்று கார்டை நீட்டிக் காட்டினேன். ஒரு இடத்தில் சாமிக்குப் பயந்தேன், இன்னொரு இடத்தில் வெட்கப்பட்டேன். இரண்டு இடத்திலும் வாய் என்னுடையது. வீங்கின கால் மட்டும் அவருடையது.

கிளினிக்கில் கூட்டம். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போனேன். வழக்கமாக அங்கே இருக்கும் மலாய்க்கார அம்மா. 'எங்களால் வாங்க முடியாது' என்று சொல்வதற்கு மலாயில் மூன்றே வார்த்தைதான். அதற்கு எனக்கு மூன்று நிமிஷம் ஆனது. பின்னால் நின்றவர்கள் கேட்பார்களே என்று ஜன்னலுக்குள் தலையை விட்டுச் சொன்னேன்.

"மாத்திரை நாலுதான் இருக்கு. வாங்க எங்களால முடியாது. கார்டு இதுக்கு ஆவாது."

அந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஆனா மக்சிக், 'வெளியே தாங்களே வாங்கிக்கொள்வார்கள்'னு இங்க எழுதியிருக்கே. அதனாலதானே சாதாரணத் தேதி குடுத்திருக்காங்க."

அன்றைக்கு அந்தச் சின்ன டாக்டர் தட்டினது அதுதான். நான் கார்டை நீட்டின பெருமையைத்தான் அவள் தட்டியிருக்கிறாள்.

"அது என் வாய்க் கொழுப்புலா. அழிச்சுடுங்க," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். உள்ளே போய் டாக்டரிடம் பேசினாள், டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். கால் வீக்கத்துக்கு வேறொரு மாத்திரை கையில் கொடுத்தார்கள். ஐந்து வாரம் தள்ளி இருந்த தேதி அந்த வெள்ளிக்கிழமைக்கு வந்தது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு நாளைக்கு நாலு முழு மாத்திரை. பாக்குவெட்டியை என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஸ்பெஷலிஸ்டு எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் அதே மாத்திரை, ஒரு மாதத்துக்கு. அடுத்த மாதத்திலிருந்து நம் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு காசு கேட்கவில்லை. இத்தனை நாள் இதே வழி எங்களுக்குத் திறந்துதான் இருந்தது. நான்தான் கார்டை எடுத்து அதன் வாசலில் மாட்டி மூடி வைத்திருந்தேன்.

அன்றைக்குச் சாயந்திரம் மகள் வந்தாள். வழக்கம் போலக் குளித்து, விளக்கை ஏற்றினேன். ஏற்றிவிட்டு அங்கேயே நின்று, எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"உங்கப்பாவுக்கு இனிப்பு நீர் இருக்கு. பிரஷர் இருக்கு. இப்போ நெஞ்சுலயும் கோளாறு இருக்கு. எனக்கும் பிரஷர் இருக்கு. அந்தப் பாரத்துல இருக்கிறது பொய்யி."

குனிந்து திரியைப் பார்த்தேன். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது.

மகள் கத்தினாள். நியாயம்தானே. "ஏம்மா, அப்பாவுக்கு இருக்கிறது ஊருக்கே தெரியும், பாரத்துக்குத் தெரியக் கூடாதா? அலமாக்! நான் இவ்வளவு நாளும் எதுக்குக் கட்டினேன்?" கொஞ்ச நேரம் அழுதாள். மாத்திரையை வெட்டித் தின்ற கதையைக் கேட்டதும் இன்னும் அழுதாள். பிறகு ஏஜெண்டுக்குப் போன் போட்டாள். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, டென்ஷன் ஆவாதீங்க. இப்பதான் கண்டுபிடிச்சோம்னு சொல்லிட்டா போச்சு."

மகள் என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது. பொய்க்குப் பொய் ஒட்டுப் போடுவது எனக்குக் கைவந்த வேலை. என் வீட்டுக்காரர் எழுந்து போய், சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து வந்து மேசை மேல் வைத்தார். பத்து வருட முத்திரையும் உள்ளே இருந்தது.

மகள் போனை வைத்துவிட்டு, கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். பதில் வரும் வரை நான் தபால்காரன் மோட்டார் சத்தத்துக்கே பயந்தேன். கார்டை மொத்தமாக ரத்து செய்திருக்கலாம் அவர்கள். செய்யவில்லை. எனக்குக் கட்டுவது கூடியது. அவருக்கு இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, இருதயம், இதுகளால் வருகிற எதுவும் நீங்கலாக மற்றதுக்கெல்லாம் கார்டு செல்லும் என்று எழுதியிருந்தார்கள். அதாவது, மனுஷனுக்கு எது எது இருக்கிறதோ அதைத் தவிர மீதி எல்லாவற்றுக்கும் கார்டு உண்டு. அவர் அதைக் கேட்டுவிட்டு, "அப்போ இனிமே புது நோவுதான் தேடணும்" என்றார். அந்த வாரத்து நாலு வார்த்தையில் அதுவும் சேர்த்தி.

முதலிலேயே சொல்லியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பார்களோ என்னவோ. ஆனால் தெரிந்து கட்டுவது வேறு, தெரியாமல் கட்டுவது வேறு. இருதயத்துக்கு நம்மிடம் கார்டு இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரிதான் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். நெஞ்சைப் பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரியும். உன் மாமியாருக்குக் கார்டு எடுப்பதானால் எடு. மாத்திரைக்கு என்று நினைத்து எடுக்காதே. அவள் சாப்பிடுகிற மாத்திரையெல்லாம் மேசை மேல் கொட்டி வைத்து, ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லி எழுத வை. உன் மாமியாருக்கு வாய் நீளம் என்று ஊர் சொல்கிறது, அந்த ஒரு நாளைக்கு அது உதவட்டும்.

தெருவில் என்ன சொன்னேன் என்று கடைசியில் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? பெட்டியும் தலையணையுமாகப் போய் மத்தியானமே திரும்பினதை எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். மறுநாள் காலையில் நாலு பேர் வந்து நின்றார்கள். விளக்கமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"எங்க வீட்டுல ஒண்ணுமில்ல. பக்கத்து ஊரு காஹாங்ல எனக்குத் தெரிஞ்ச பொம்பள ஒருத்தி. ஏஜெண்டு வந்து கேட்டப்போ விளக்கு வச்ச நேரம்னு புருஷன் நோவ மறைச்சுட்டா. இப்போ கார்டும் ஆவல, மாத்திரையும் இல்ல. அந்த மனுஷன் பாக்குவெட்டியில மாத்திரைய வெட்டித் திங்கிறாரு, பாவம். அவங்களப் பாக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்."

"தலையணை?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"அவருக்குத்தான் கொண்டு போனோம். வேணாம்னுட்டாரு."

நாலு பேரும் அந்தக் காஹாங்காரியைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். புத்தியில்லாதவள், புருஷனைக் கொல்லப் பார்த்தவள், எந்தக் காலத்தில் இருக்கிறாள் என்று கேட்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து நாலு வார்த்தை கூடவே திட்டினேன். திட்டிக்கொண்டே பார்த்தேன், வீட்டில் கார்டு வைத்திருக்கிற இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு, வீட்டில் ஏதோ அடுப்பில் இருக்கிறது என்று சொல்லி அவசரமாகப் போனார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்தால் இந்தத் தெருவில் இப்போது எந்த ஏஜெண்டையும் யாரும் உட்காரச் சொல்வதில்லை. காலையில் வாங்க தம்பி, விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி வாங்க என்கிறார்கள். காஹாங்கில் ஒருத்திக்கு என்ன ஆச்சு தெரியுமா என்று எனக்கே வந்து சொல்கிறார்கள்.

"ஐயையோ, அப்படியா?" என்று நானும் கேட்டுக்கொள்கிறேன்.